தரகர் குறிப்பேட்டில் நம் பெயர்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது பழமொழி. வீட்டைக் கட்டுவதற்கு முன்னே மனை வேண்டும். மனையை வாங்குவதற்கு முன்னே, அது விலைக்கு வந்திருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்பவரையே நிலத்தரகர் என்கிறோம். பிறந்த ஊரிலேயே வாழ்பவனுக்குத் தரகர் இல்லாமலும் காரியம் நடக்கும். மாமனும் மச்சானும் சொல்லிவிடுவார்கள். பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம்மவர்க்கோ தரகரே மாமன், தரகரே மச்சான். ஆகவே, அவர் நம்மைப் பற்றி என்ன எழுதி வைக்கிறார், எங்கே எழுதி வைக்கிறார், யாருக்குக் காட்டுகிறார் என்பவை நம் இல்லங்களுக்குச் சிறிய செய்திகள் அல்ல.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலையின் ஏலக்காடுகளிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் நம் மக்கள். தோட்டத்து லயம் வேலைக்கென்று தரப்பட்ட வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய 70 பேரை நாம் இழந்தோம். அதன்பின், “எங்கேனும் நான்கு சென்ட் சொந்தமாக வேண்டும்” என்னும் எண்ணம் மலைமேல் வாழும் ஒவ்வொரு குடும்பத்திலும் முன்னிலும் உரத்துக் கேட்கிறது. சிலர் போடி, தேனி பக்கம் இறங்குகின்றனர். சிலர் மறையூர் வழியாக உடுமலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பாலக்காட்டில் வேலை பார்ப்பதால், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் ஆகிய எல்லையோர ஊர்களில் மனை தேடுவோரும் உண்டு. எங்கே தேடினாலும் முதலில் சந்திப்பது தரகரையே.

இரு குறிப்பேடுகள்

சிற்றூர் வட்டத்தில் எனக்குப் பழக்கமான முதிய தரகர் ஒருவர் இருக்கிறார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக அதே தொழில். அவருடைய வீட்டு அலமாரியில் நீண்ட கணக்குப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றிலும் தமிழும் மலையாளமும் கலந்த எழுத்து. ஒரு பக்கத்தில் விற்பவர், எதிர்ப்பக்கத்தில் வாங்குபவர். பெயருக்குக் கீழே, “மகள் நர்ஸ்; தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும்; கோயில் அருகில் வேண்டும்; தையில் பணம் வரும்” என்பன போன்ற குறிப்புகள். தொழில் மொழியில் வாங்க வருபவருக்குப் ‘பார்ட்டி’ என்று பெயர். ஆனால் அவர் குறிப்பேட்டில் பார்ட்டி என்பது வெறும் பார்ட்டி அன்று, குடும்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் மகன் தொழிலை ஏற்றான். படித்த பிள்ளை. தந்தையின் புத்தகங்களைக் கைப்பேசியில் இயங்கும் ஒரு மென்பொருளில் ஏற்றினான். பெயர், தொலைபேசி எண், வேண்டிய இடம், எத்தனை சென்ட், எவ்வளவு பணம் என்று கட்டங்கள் இருந்தன. ‘கோயில் அருகில்’ என்பதற்குக் கட்டம் இல்லை. ‘மகள் நர்ஸ்’ என்பதற்கும் இல்லை. ஆகவே அவை புத்தகத்திலேயே நின்றுவிட்டன.

மலையிலிருந்து ஓய்வு பெற்று இறங்கிய ஒரு தம்பதியர் அவனிடம் ஐந்து சென்ட் பேசி முடித்தனர். பணிக்கொடையிலிருந்து முன்பணமும் கொடுத்தாயிற்று. கரார் எழுதி, இன்ன தேதிக்குள் மீதிப் பணத்தைக் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும் என்று முடிவாயிற்று. சேமநிதிப் பணம் வரத் தாமதமாகும் போலிருந்தது. “தேதியை நினைவூட்டுங்கள் தம்பி, மகளிடமாவது கேட்டு வாங்கிவிடுகிறோம்” என்று சொல்லிப் போனார்கள். மென்பொருள் தன் கடமையில் தவறவில்லை; உரிய நாளில் நினைவூட்டல் அனுப்பியது. ஆனால் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட வேறொருவருக்கு அனுப்பியது! அவரோ பழைய பார்ட்டி. “யாரோ எதற்கோ அனுப்பியிருக்கிறார்கள்” என்று இருந்துவிட்டார். கெடு கடந்து இரண்டாம் நாள், நிலத்துக்காரர், “முன்பணம் போயிற்று; நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறேன்” என்றார்.

முதியவர் செய்தி கேட்டுப் பழைய புத்தகத்தை எடுத்தார். “மகள் நர்ஸ் என்று எழுதியிருக்கிறேனே, அந்தக் குடும்பமா?” என்றார். மகளின் மருத்துவமனைக்கே ஆள் அனுப்பிப் பெற்றோரை வரவழைத்தார். பின்னர்த் தாமே நிலத்துக்காரர் வீட்டுக்குச் சென்று, “தவறு எங்களுடையது, அவர்களைத் தண்டிக்காதீர்கள்” என்று கேட்டுப் பதினைந்து நாள் தவணை வாங்கினார். பத்திரம் பதிவாயிற்று. இன்று அங்கே ஒரு சிறிய வீடு எழுந்து நிற்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து நாளும் அத்தம்பதியர் உறங்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் கொழுந்து பறிப்பின் பலன் ஒரே பெயர்க் குழப்பத்தில் போய்விட இருந்தது அல்லவா?

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர் சிலர், “பழைய புத்தகமே நல்லது, புதிய பொறி கெட்டது” என்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. முதியவர் ஒரு மழைக்காலத்தில் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் கையெழுத்தை வேறு எவரும் படிக்க இயலாமல் தொழிலே நின்றது உண்டு. புத்தகம் கறையானுக்கும் இரையாகும். இரண்டிலும் குறை உண்டு. இரண்டிலும் நிறை உண்டு. அவற்றை அறிந்துகொள்வதே அறிவுடைமை.

இம்மென்பொருள் யாது?

ஆயிரம் மனிதரை ஒருவர் நினைவில் வைத்திருக்க இயலாது. இதற்காக அமெரிக்க வணிகர் 1950களில் சுழலும் அட்டைக் கட்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். ‘ரோலோடெக்ஸ்’ என்பது அதன் பெயர். ஆளுக்கு ஓர் அட்டை. கைப்பிடியைத் திருகினால் வேண்டிய பெயர் மேலே வரும். கணிப்பொறி மேசைக்கு வந்தபின், 1987 இல் ‘ஆக்ட்’ என்னும் மென்பொருள் அவ்வட்டையைத் திரைக்குக் கொண்டு வந்தது. 1999 இல் தோன்றிய ‘சேல்ஸ்ஃபோர்ஸ்’ நிறுவனம் அதனை இணையத்தின் வழியே எங்கிருந்தும் பார்க்குமாறு செய்தது.

இதில் தமிழர் பங்கும் உண்டு. 1996 இல் ‘அட்வென்ட்நெட்’ என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர் ‘ஸோஹோ’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இவ்வகை மென்பொருளை 2005 முதல் உலகெங்கும் விற்று வருகிறது. நாம் வாழும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. ஆகவே இது ஏதோ கடல் கடந்த மந்திரம் என்று மலைக்க வேண்டுவதில்லை.

அது செய்யும் வேலை எளியது. ஆளுக்கு ஓர் ஏடு. அதில் பெயர், எண், ஊர், தேவை. நாம் எப்போது பேசினோம், என்ன பேசினோம் என்பது தேதியோடு ஏறும். அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதை அது நினைவூட்டும். விசாரணை, இடம் பார்த்தல், விலை பேசுதல், முன்பணம், பதிவு எனப் படிப்படியாக ஒவ்வொரு பார்ட்டியும் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டும். “ஐந்து சென்டுக்குள், எல்லையோரத்தில், இவ்வளவு பணத்துக்குள் கேட்டவர் யார் யார்?” என்றால் நொடியில் எடுத்துக் கொடுக்கும். ஒழுங்கான தரகர் கையில் இது நமக்கே நன்மை: நாம் கேட்டதை மறந்தேன் என்று அவர் சொல்ல இயலாது.

குறை எங்கே? முதற்குறை பெயரில். மேனாட்டார் தமக்குப் பழக்கமான முறையில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரு கட்டம் வைத்தனர். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் தலைப்பெழுத்தே உண்டு. ஒரே தோட்டத்தில் முருகன்கள் எத்தனை பேர், மாரியம்மாள்கள் எத்தனை பேர்! ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது குழப்பம் இரட்டிக்கும். கொழிஞ்சாம்பாறையில் உள்ள ‘ழ’கரத்தை ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், மற்றவர் மற்றொருவிதமாக எழுதுவார், பொறியோ இரண்டும் வேறு ஊர் என்று கொள்ளும். 1991 முதலே யூனிகோடு என்னும் உலக எழுத்து முறையில் தமிழுக்கு இடம் உண்டு. ஆதலால் தமிழிலேயே பெயரை ஏற்றத் தடை இல்லை. ஏற்றுவோர்க்கு மனம் வேண்டும், அவ்வளவே. தொலைபேசி எண்ணும் நிலையானது அன்று. எல்லையோரத்தார் தமிழ்நாட்டு எண் ஒன்று, கேரள எண் ஒன்று என வைத்திருப்பர். ஒன்று அடைபட்டால் ஏடும் ஊமையாகிவிடும்.

இரண்டாம் குறை இன்னும் பெரிது. புத்தகத்தைத் திருட வேண்டுமாயின் அலமாரியை உடைக்க வேண்டும். மென்பொருளில் உள்ள ஆயிரம் பெயரையோ ஒரு விரல் தொட்டு வேறொருவருக்கு அனுப்பிவிடலாம். நாம் ஒரு தரகரிடம் சொன்ன செய்தி மறுவாரமே பத்துத் தரகரிடமிருந்து அழைப்பாகத் திரும்புவது இதனால்தான். “ஓய்வு பெற்றவர், கையில் பணம் இருக்கிறது, மலையாளம் படிக்கத் தெரியாது” என்னும் செய்தி தீயவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலவிற்பனையை ஒழுங்குபடுத்த 2016 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சுருக்கமாக ‘ரெரா’ என்பர். கேரளத்தில் இதற்கான ஆணையம் 2020 தொடக்கத்திலிருந்து செயற்படுகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 12.36 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் அத்திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். அத்தகைய திட்டத்தின் மனையை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற வேண்டும்; ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும்; கணக்குகளையும் ஆவணங்களையும் பேணி வைக்க வேண்டும்; பொய்யான உறுதி கூறலாகாது. ஆகவே, மனைப்பிரிவில் வாங்குவோர், “உங்கள் ரெரா எண் என்ன?” என்று கேட்பது குற்றம் ஆகாது, கேளாமையே குற்றம். ஆனால் ஒரு குடும்பம் தன் ஐந்து சென்டை மற்றொரு குடும்பத்திற்கு விற்கும்போது இச்சட்டத்தின் காவல் இல்லை. அங்கே நம் கவனமே நமக்குக் காவல்.

மற்றொன்று, 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. 18 மாதத்திற்குள் கட்டம் கட்டமாக முழுதும் நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டுள்ளன. கணிப்பொறியில் ஏறும் நம் விவரங்களை என்ன நோக்கத்திற்காகக் கேட்கிறார்கள் என்று சொல்லி, நம் இசைவைப் பெற வேண்டும் என்பது இதன் உயிர். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லலாம். நம்மவர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. ஆனால் இச்சட்டம் எண்முறையில் ஏறிய விவரங்களுக்கே உரியது. கையால் எழுதிய புத்தகத்திற்கு இது பொருந்தாது.

அரசு அலுவலகத்தோடு கடிதம் எழுதும்போதும் மொழிக்காக அஞ்ச வேண்டுவதில்லை. தமிழர் மொழிச் சிறுபான்மையினர் என அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் மறுமொழி பெறவும் 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் அளித்தது. உரிமையைப் பயன்படுத்தாதவனுக்கு உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும்.

நம் வீட்டிலும் ஒரு குறிப்பேடு

தரகர் குறிப்பேடு வைத்திருக்கிறார். நாம் ஏன் வைத்திருக்கலாகாது? பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தேதியில் எந்தத் தரகரைக் கண்டோம், என்ன இடம் காட்டினார், என்ன விலை சொன்னார், தரகு எவ்வளவு என்று பேசினோம், எவ்வளவு பணம் கொடுத்தோம், அதற்கு ரசீது உண்டா என்பவற்றை அன்றன்றே எழுதுக. கரார் முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிடுக. பிறர் பொறி நமக்கு நினைவூட்டும் என்று இருந்துவிடலாகாது.

தரகரிடம் பெயர் கொடுக்கும்போது, ஆதாரில் உள்ளபடியே, தந்தை பெயர் முழுதும் சேர்த்துக் கொடுக்க. இரண்டாவது எண்ணாக மகன் அல்லது மகளின் எண்ணைக் கொடுக்க. “எங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறீர்கள், காட்டுங்கள்” என்று கேட்க. “எங்கள் எண்ணை வேறு யாருக்கும் தர வேண்டாம்” என்று வெளிப்படையாகச் சொல்க. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுக்கலாம். பத்திர நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டா. விளம்பர அழைப்பு தொல்லையானால் 1909 என்னும் எண்ணில் தடை கேட்டுப் பதியலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, எந்த மென்பொருளும் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் கடமையை ஏற்பதில்லை. சொற்களை அறிந்துகொள்க. கேரளத்தில் ‘ஆதாரம்’ என்றால் கிரயப் பத்திரம். ‘முன்னாதாரம்’ என்றால் முன் பத்திரம். ‘பாத்யதா சர்ட்டிபிக்கேட்’ என்பது நம் வில்லங்கச் சான்று. ‘கரம் அடைத்த ரசீது’ என்பது நிலவரி ரசீது. ‘போக்குவரவு’ என்பது பெயர் மாற்றம். தமிழ்நாட்டுப் ‘பட்டா’வும் கேரளப் ‘பட்டய’மும் ஒன்றல்ல, பட்டயம் என்பது அரசு தன் நிலத்தைப் பதித்துக் கொடுத்த ஆவணம். இடுக்கியில் 1964 ஆம் ஆண்டு விதிகளின்படி கொடுத்த பட்டயங்களில், நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்னும் நிபந்தனை உண்டு. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டுள்ளதாயினும், வாங்குமுன் நிபந்தனையைப் படித்தல் வேண்டும். பாலக்காட்டில், 2008 ஆம் ஆண்டின் நெல்வயல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் ஏறிய வயலில் அனுமதியின்றி வீடு கட்ட இயலாது. அட்டப்பாடியிலும் பிற இடங்களிலும் பழங்குடியினர் நிலத்தை மற்றவர் வாங்குவதற்கு 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை உண்டு. நமக்கு வீடு வேண்டும் என்பதற்காக மற்றொரு ஏழையின் மண்ணைப் பறித்தல் நமக்கு அழகன்று. அளவையும் பாருங்கள்: பத்திரத்தில் சென்ட் இராது, ‘ஆர்’ என்றிருக்கும். ஓர் ஆர் ஏறக்குறைய 2.47 சென்ட். ஐந்து சென்ட் என்றால் 2.02 ஆர் இருக்க வேண்டும்.

மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் வீட்டிலேயே இருக்கின்றனர். அவர்களை அருகில் அமர்த்தி வரி வரியாகப் படிக்கச் செய்க. ஐயம் எழுந்தால் முன்பணத்திற்கு முன்னரே வழக்கறிஞரைக் காண்க; முன்பணத்திற்குப் பின்னர்க் காண்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது.

முதிய தரகரை அண்மையில் மீண்டும் கண்டேன். மகன் இப்போது ஒவ்வோர் ஏட்டிலும் தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுகிறான். குறிப்பு என்னும் இடத்தில், தந்தையின் பழைய புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறான். முதியவர் அருகில் அமர்ந்து படித்துச் சொல்கிறார். “எண் மாறும் தம்பி, ஆள் மாறமாட்டான். ஆளை எழுதி வைக்க வேண்டும்” என்றார் அவர்.

அன்பர்களே! புதியது வந்ததென்று அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. தரகர் தம் ஏட்டில் நம்மைச் சரியாக எழுதட்டும். நாமும் நம் ஏட்டில் அவரைச் சரியாக எழுதி வைப்போம். இவ்விரண்டு ஏடுகளும் ஒத்திருக்கும் நாளில், உழைத்துச் சேர்த்த பணம் உரிய மண்ணைச் சென்று சேரும்.